அக்கா என்று எழுதிய குப்பி

தேவகோட்டை
24.1.2024

கிறிஸ்டிக்கு,

உறையின் மேல் கன்னியர் மடத்தில் உனக்கு வைத்த புதுப் பெயரை எழுதியிருக்கிறேன். உள்ளே அது வேண்டாம். பதினாறு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. நீ கிளம்பிய அன்று வழியனுப்பவும் வரவில்லை. இப்போதும் சமாதானமாகி எழுதவில்லை. எனக்கு ஒரு தகவல் வேண்டும். அது உன்னிடம்தான் இருக்கிறது.

மறுபடி உண்டாகியிருக்கிறேன். இன்றைக்குப் பத்து வாரம், மூன்று நாள். போன தடவை பதினேழாவது வாரத்தில் கலைந்துபோனதால், இந்த முறை ஆரம்பத்திலேயே எல்லா ரத்தப் பரிசோதனையும் செய்துவிடலாம் என்றார் டாக்டர் மீனாள். திங்கட்கிழமை காரைக்குடி போய் ரிப்போர்ட் வாங்கினோம். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு ஐ.ஜி.எம் பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி பாசிட்டிவ். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பதினோரு வருஷம் கோர்ட்டில் சாட்சி சொல்வதைத் தட்டச்சு செய்த கை, சொல்லை மாற்றாது.

"இது பழசா இருந்தாப் பயமில்ல ராணி. உடம்பு ஏற்கெனவே சண்டை போட்டு முடிச்சிருக்கும். கர்ப்பத்துல புதுசா வந்ததுன்னா பிள்ளைக்குப் போகலாம். கண்ணு, மூளை ரெண்டையும் தொடும். இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறோம் என்றேன். 2022 ஜூலை. முதல் பிள்ளை போய் இரண்டு மாதம். நான் நம் ஒக்கூர் வீட்டில் கிடந்தேன். நீ வேலை பார்த்த காரைக்குடி லேபிலிருந்து ஊசியோடு வந்து ரத்தம் எடுத்தாய். "பூனையால ஒரு வியாதி வருமாமே, அதையும் பாத்தியா?" என்று மறுநாள் கேட்டேன். "பாத்தேன்க்கா, எல்லாம் நார்மல்" என்றாய். இதை டாக்டரிடம் சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டு உன் அத்தானைப் பார்த்தார். "அப்ப ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி இல்ல, இப்ப இருக்கு" என்றார். அதைப் பைலிலும் எழுதினார்.

இன்னொரு பரிசோதனைக்குச் சென்னைக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறார். பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். ஒக்கூர் வீட்டைத் திறந்து பீரோ முழுக்கத் தேடினேன். இல்லை. எந்தத் தேதியில் பார்த்தாய், எந்தெந்த டெஸ்ட், என்ன வந்தது என்று எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சகாயராணி

---

இயேசு, மரி, சூசை

சிறுமலை அடிவாரம்
1.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்துதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. இங்கே வரும் கடிதங்களை எங்கள் மதர் வாசித்த பிறகுதான் தருவார். உன்னுடையதைத் தரும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அக்கா, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஐ.ஜி.எம் என்பது கிருமி நுழைந்ததும் முதலில் வருவது. ஐ.ஜி.ஜி அதற்குப் பிறகு வந்து ஆயுள் முழுக்க நிற்பது. ஐ.ஜி.எம் இருக்கிறது என்பதாலேயே கிருமி புதிது என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு அது ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூடப் போகாமல் இருக்கும்.

சென்னைக்குப் போயிருப்பது அவிடிட்டி பரிசோதனையாக இருக்கும். ஐ.ஜி.ஜி எவ்வளவு இறுக்கமாகக் கிருமியைப் பிடிக்கிறது என்று பார்ப்பது. காரைக்குடி பஸ்ஸில் புதுக் கண்டக்டர் வந்தால் பாஸ் வைத்திருப்பவர் யார், ஏமாற்றுகிறவர் யார் என்று தெரியாமல் தடுமாறுவார் அல்லவா? ஆறு மாதம் போனால் முகத்தைப் பார்த்தே ஏமாற்றுகிறவர் கையைப் பிடிப்பார். ஐ.ஜி.ஜியும் அப்படித்தான். பிடி இறுகியிருந்தால் கிருமி பழையது.

கர்ப்பத்தில் உடம்பு தன் காவலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளும். பிள்ளை பாதி அத்தானுடையது. அதை அந்நியம் என்று தள்ளிவிடக் கூடாதே. அந்தத் தளர்ச்சியில் புதிதாக வருவது நுழைந்துவிடும். பழைய எதிரியை அறிந்த உடம்பு என்றால் அப்போதும் விடாது.

தோமா உன்னிடம்தான் இருக்கிறானா? பூனைக்கு முதன்முதலில் இந்தக் கிருமி பிடிக்கும்போது இரண்டு மூன்று வாரம்தான் கழிவில் வெளியே வரும். அவன் இப்போது வளர்ந்த பூனை. அவனை விரட்ட வேண்டாம். இறைச்சியை நன்றாக வேகவிடு. கீரையைப் பல தண்ணீரில் அலசு.

ரிப்போர்ட் பேப்பர் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 14 திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். அன்று முதல் ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் வருவதும் இல்லை, போவதும் இல்லை. வருகிறவற்றை மதர் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிடுவார். எழுதுவதானால் அதற்குள் எழுது.

உன் கிறிஸ்டி

---

தேவகோட்டை
9.2.2024

கிறிஸ்டிக்கு,

கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. மூன்று கேட்டேன்: தேதி, டெஸ்ட், என்ன வந்தது. கண்டக்டரைப் பற்றி எழுதியிருக்கிறாய். எங்கள் கோர்ட்டில் இப்படிச் சாட்சி சொன்னால் வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்மா, பாத்தியா பாக்கலையா?" என்பார்.

சென்னை ரிப்போர்ட் நேற்று வந்தது. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை, நடுவில் என்று போட்டிருக்கிறது. டாக்டர் அதை இரண்டு முறை வாசித்தார். "இது நமக்கு ஒதவல ராணி. அந்தப் பழைய ரிசல்ட்ல கிருமி இல்லைன்னு வந்ததா நீங்க சொல்றதுதான் இப்ப பெரிய விஷயம்" என்றார். மதுரையிலிருந்து மாத்திரை வரவழைத்து நாளுக்கு மூன்று வேளை ஆரம்பித்திருக்கிறார். மார்ச் 19 அன்று மதுரையில் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்க நாள் வாங்கியிருக்கிறோம். அதில் கிருமி தெரிந்தால் என்ன செய்வது என்பதை இருபது வாரத்துக்குள் முடிவு செய்யச் சொன்னார். எனக்கு இருபது வாரம் முடிவது மார்ச் 31. உங்கள் ஈஸ்டர் ஞாயிறு.

இதை உங்கள் மதர் வாசிப்பார் என்று தெரியும். வாசிக்கட்டும். வீட்டில் ஊசி வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. இப்போதே கலைத்துவிடலாம் என்கிறார்கள். உன் அத்தான் மின்வாரியக் கம்பத்தில் ஏறப் பயப்படாத மனுஷன். "எனக்குப் பயமாருக்கு ராணி. கண்ணு தெரியாமப் பிறந்து, 'ஏம்ப்பா இப்படி'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றார். அடுப்பிலிருந்து என் மாமியார், "கேக்குறதுக்கு வாய் வரணுமே" என்றார். தினமும் பூசைக்குப் போகிறவர். நான் அவர் மேல் கோபப்படவில்லை. அவரும் பயந்துதான் பேசுகிறார்.

போன வாரம் மாமியார் தோமாவைச் சாக்கில் போட்டு ஆட்டோக்காரர் பெத்தனிடம் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு அங்குட்டு விட்டுவரச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் அது பைக் சீட்டில் உட்கார்ந்திருந்தது. "கோயிலுக்கு வழி தெரியாத மனுசப்பய எத்தனை பேரு. இதுக்கு வீட்டுக்கு வழி தெரியுது பாரு" என்றார். அதற்குப் பிறகு விரட்டவில்லை.

நீ என்ன பார்த்தாய் என்று எழுது. 'இல்லை' என்றுதான் வந்தது என்றால் அதையாவது உறுதியாக எழுது. நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

ராணி

---

தேவகோட்டை
26.2.2024
ஸ்பீட் போஸ்ட்

கிறிஸ்டி,

பதினைந்து வாரம், ஒரு நாள். ஒன்பதாம் தேதி போட்ட கடிதம் உங்கள் பெட்டிக்குள் போயிருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. மடத்துக்கு போன் செய்தேன். வாசல் சிஸ்டர் எடுத்து, "ஈஸ்டர் கழிச்சுப் பேசலாம்மா, அவசரமா?" என்று கேட்டார். அவசரம் என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. வைத்துவிட்டேன்.

ஒரு வாரமாகத் தட்டச்சில் பிழை விழுகிறது. வெள்ளிக்கிழமை ஒரு வாக்குமூலத்தில் 'எனக்குத் தெரியாது' என்பதை 'எனக்குத் தெரியும்' என்று அடித்துவிட்டேன். ஒரு சொல்லில் ஒருவனை உள்ளே தள்ளியிருப்பேன். நீதிபதி பார்த்துத் திருத்தினார்.

வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சேலையைத் தளர்த்திக் கட்டிப் போகிறேன். உள்ளே இருப்பதோடு நான் பேசுவதில்லை. பேசிவிட்டால் பிறகு என்னால் கையெழுத்துப் போட முடியாது.

இந்த வாரக் கடைசிக்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் ஊசிக்குக் காத்திருக்கப் போவதில்லை என்று உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் அழுதார். சரி என்றாரா வேண்டாம் என்றாரா என்று எனக்கு விளங்கவில்லை.

ராணி

---

இயேசு, மரி, சூசை

சிறுமலை அடிவாரம்
29.2.2024

அக்கா,

எதிலும் கையெழுத்துப் போடாதே. முதலில் இதை வாசி.

ஸ்பீட் போஸ்ட் என்பதால் மதர் இன்று காலை பிரித்துவிட்டார். வாசித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து ஒன்பதாம் தேதிக் கடிதத்தையும் எடுத்து இரண்டையும் என் மடியில் வைத்தார். ஒழுங்கை மீறலாமா என்று நான் கேட்டேன். "தவக்காலம் நமக்குத்தாம்மா. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு இல்ல" என்றார்.

14.7.2022, வியாழக்கிழமை. டாக்ஸோ ஐ.ஜி.எம், ஐ.ஜி.ஜி இரண்டும் பார்த்தேன். இரண்டுமே பாசிட்டிவ். நார்மல் என்று நான் சொன்னது பொய்.

ஏன் சொன்னேன் என்று எழுதுகிறேன். தோமா குட்டியாக இருந்தபோது லேபின் பின்வாசலிலிருந்து நான்தான் ஒக்கூருக்குத் தூக்கிவந்தேன். 2022 ஜனவரி. அதற்கு வயிற்றுப்போக்கு இருந்தது. முற்றத்துக் கீரைப் பாத்தியில்தான் மண்ணைக் கிளறிப் போகும். நீ முழுகாமல் இருந்தாய். அந்தப் பாத்தியில்தான் கீரை பறித்து ஆய்ந்தாய். மே மாதம் உன் பிள்ளை போனது. ஜூலையில் அந்த ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு மணி நேரம் லேபில் நின்றேன். நீ கேட்டபோது உன் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. செப்டம்பரில் இங்கே வந்துவிட்டேன். போன கடிதத்திலும் பயந்துதான் சுற்றி வளைத்தேன். உன் டாக்டர் என் பொய்யை நம்பி மருந்து கொடுப்பார் என்று தெரிந்தும் எழுதவில்லை. அதுதான் முதல் பொய்யைவிடப் பெரியது.

இப்போது கேள். நான் வாயால் சொல்வதை டாக்டர் இனி ஏன் நம்ப வேண்டும்? நம்ப வேண்டாம். ரத்தம் இருக்கிறது. பரிசோதனை கிட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பாசிட்டிவ் என்று முன்பே தெரிந்த ரத்தம் ஒன்றை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுவோம். கம்பெனி கொடுப்பது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் லேப்காரர்கள் எங்களுடையது, வீட்டாருடையது என்று எது கிடைத்தாலும் பிரித்து ஃப்ரீசரில் வைப்போம். உன் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பன்னிரண்டு குப்பிகளில் வைத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன்.

மதர் ஒரே ஒரு போனுக்கு அனுமதி கொடுத்தார். உனக்குச் செய்யவில்லை. லேபுக்குச் செய்தேன். இப்போது அங்கே காளீஸ்வரி என்ற பெண் இருக்கிறாள்.

"அக்கான்னு எழுதி ஒட்டியிருக்கே, அதுவா? அது கம்பெனிப் பேருன்னுல்ல நெனச்சேன்."

"எத்தனை இருக்கு?"

"ஒன்னு. திங்கக்கிழமை புது கிட் வருது, அதுக்கு வச்சிருக்கேன்."

"தொடாத. அதுக்குச் சொந்தக்காரி வருவா."

அதையும் உன் இன்றைய ரத்தத்தையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கச் சொல். திங்கட்கிழமைக்குள் போ.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அது இதில் சேரக் கூடாது.

கிறிஸ்டி

---

தேவகோட்டை
7.3.2024

கிறிஸ்டி,

சனிக்கிழமை பதினொன்றரைக்குக் கடிதம் வந்தது. ஒன்றரைக்கு லேபில் இருந்தோம். காளீஸ்வரி குப்பியை ஐஸ் டப்பாவில் எடுத்துவந்து காட்டினாள். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. உன் கையெழுத்து. "நீங்கதான் அந்த அக்காவா?" என்று கேட்டுவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

உங்கள் முதலாளி முத்துராமலிங்கம் ஐயா உள்ளேயிருந்து வந்தார். "தப்புச் சொல்லக் கூடாது தாயி. போன வருசம் ரெண்டு நாள் கரண்டு இல்லாம எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சது. ரிசல்ட் வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார். டாக்டர் மீனாளிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். முழுக்க வாசித்தார். பைலில் ஜனவரி மாதம் எழுதியதைக் குறுக்கே அடித்தார். குப்பியும் என் புது ரத்தமும் சேர்ந்து சென்னைக்குப் போயிருக்கின்றன. அதுவரை மாத்திரையை நிறுத்த மாட்டேன், ஊசி நாளையும் மாற்ற மாட்டேன் என்றார்.

என் ரத்தம் ஒன்றரை வருஷமாகக் காரைக்குடியில் யார் யாருக்கோ ரிப்போர்ட் சரியா தப்பா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

நீ போன பிறகு ஒக்கூர் வீட்டைப் பூட்டும்போது தோமாவை ஏன் தூக்கிவந்தேன் தெரியுமா? உன் பொருள் என்று வேறு எதுவும் மிச்சமில்லை என்பதால்.

ஈஸ்டர் வரை எழுதாதே. உங்கள் ஒழுங்கு எனக்கு இப்போது வசதியாக இருக்கிறது.

ராணி

---

தேவகோட்டை
31.3.2024, ஈஸ்டர்

தங்கச்சி கிறிஸ்டிக்கு,

இருபது வாரம் இன்றோடு முடிகிறது. காலைப் பூசைக்குப் போய்வந்து எழுதுகிறேன்.

சென்னை ரிசல்ட் 16ஆம் தேதி வந்தது. டாக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய குப்பியில் ஐ.ஜி.ஜி இருநூற்று நாற்பது. இன்றைய ரத்தத்தில் தொண்ணூற்றாறு. ஐ.ஜி.எம் இரண்டிலும் இருக்கிறது, இப்போது மங்கல். "புதுசுன்னா ஏறணும் ராணி. இது எறங்கிட்டு இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்து, உங்க உடம்பு அடக்கி வச்சிருக்கு. இந்தப் பிள்ளைக்கு ஆபத்து அநேகமா இல்ல" என்றார். மாத்திரையை நிறுத்தினார். மதுரைக்கு அவரே போன் செய்து ஊசி வேண்டாம் என்றார். நேற்று ஸ்கேன். தலை, கண், ஈரல் எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். குறை எதுவும் தெரியவில்லை.

அந்த 'அநேகமா' என்ற சொல்லை அன்றிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். பயம் போகவில்லை. உட்காரும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது.

முதல் பிள்ளை இதனால்தான் போனதா என்று கேட்டேன். "அதனாலதான்னு சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். பூனையா, கீரைப் பாத்தியா, அந்த மாதம் என் மாமியார் ஆசையாக வறுத்துக் கொடுத்த ஈரலா என்பதையும் யாராலும் சொல்ல முடியாது. இதை மாமியாரிடம் நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், உன் மேல் மட்டும் போட்டுக்கொள்ளாதே என்று. ஆனால் பொய் உன்னுடையது. இரண்டு மாதம் என் பிள்ளையோடு நான் பேசவில்லை. அதை நீ திருப்பித் தர முடியாது.

அந்தப் பிள்ளை போனபோது விட்டுப்போனதுதான் இதைக் காக்கிறது என்று உன் அத்தான் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இருந்தாலும் உண்மையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 15 அன்று நீ முதல் வார்த்தைப்பாடு கொடுத்துத் துறவியாகிறாய் என்று கேள்விப்பட்டேன். எனக்கு நாள் ஆகஸ்ட் 18. என் முகத்தைப் பார்க்கப் பயந்து அங்கே இருக்கிறாய் என்றால், உன் கடவுள் அதைக் கேட்கவில்லை. அவருக்காக இருக்கிறாய் என்றால் இரு. நான் குறுக்கே வரவில்லை. எதுவானாலும் எழுது. நார்மல் என்று எழுதாதே.

பிறந்ததும் பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். பச்சைப் பிள்ளைக்கு எடுத்துக் காளீஸ்வரிக்குப் பழக்கமில்லையாம். நீ வந்து எடு. என்ன வந்ததோ அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அக்கா

---

இயேசு, மரி, சூசை

சிறுமலை அடிவாரம்
8.4.2024

அக்கா,

வந்தபோது உன்னிடமிருந்து ஓடித்தான் வந்தேன். இப்போதும் அதற்காகத்தான் இருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. இதை மதரிடம் சொன்னேன். ஆகஸ்ட் வார்த்தைப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டார். "போயி பிள்ளையைப் பாரு. பாத்த பிறகும் இங்குட்டு வரணும்னு தோணுச்சுன்னா, கதவு எங்கயும் போயிறாது" என்றார். ஆகஸ்ட் 10 வருகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நீ பதறக் கூடாது. பிள்ளையின் ரத்தத்தில் ஐ.ஜி.எம் பார்ப்பேன். அது இருக்கக் கூடாது. இருந்தால் இருக்கிறது என்று சொல்வேன். ஐ.ஜி.ஜியும் பார்ப்பேன். அது பாசிட்டிவ் என்றுதான் வரும். அதையும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அது கிருமி கொடுத்தது அல்ல அக்கா. நீ கொடுத்தது. வயிற்றில் இருக்கும்போதே உன்னிடமிருந்து பிள்ளைக்குப் போய்ச் சேர்வது. ஒரு வயது நிறைவதற்குள் தானாகத் தேய்ந்துபோகும்.

நீ பிள்ளையோடு பேசாமல் இருந்த அந்த இரண்டு மாதத்திலேயே அது உன்னிடமிருந்து பிள்ளைக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

கிறிஸ்டி